பருவத் தொடக்கத்தில் பாடசாலைக் குழுவை மதிப்பிடுதல்

களனி கங்கையை அடுத்து, அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் வீதியும் கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக வரும் வீதியும் கூடுமிடத்தில் அமைந்துள்ள சிற்றூர் கரவனெல்ல. அதனைச் சூழ்ந்து இறப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தென்மேற்குப் பருவமழை மே மாதப் பிற்பகுதியில் இப்பகுதியை வந்தடைகின்றது. பாடசாலைகளின் இரண்டாந் தவணையும் அக்காலத்திலேயே நடைபெறுகின்றது. மைதானத்தில் நீர் தேங்கி நிற்க, உதைபந்தாட்டக் குழுக்கள் தம் முதல் ஆட்டங்களை ஆடுகின்றன. இரண்டு ஆட்டங்கள் முடிந்ததுமே தீர்ப்புகளும் பிறந்துவிடுகின்றன. வென்ற குழுவைக் கிண்ணத்திற்கு உரியது என்கின்றனர். தோற்ற குழுவை, இவ்வாண்டு இதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை என்று ஒதுக்குகின்றனர். இத்தீர்ப்புகள் எத்துணை நம்பத்தக்கவை? ஒரு குழுவின் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே அளந்தறிய வழி உண்டா?

முதலில் எண்களை நோக்குவோம். எட்டுக் குழுக்கள் ஆற்றலில் முற்றிலும் சமமானவை என்று கொள்வோம். சமநிலையில் முடியும் ஆட்டங்களை ஒதுக்கிவிட்டால், ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டுவது போன்றதே. ஒரு குழு முதல் மூன்று ஆட்டங்களிலும் வெல்வதற்குரிய வாய்ப்பு எட்டில் ஒன்று. மூன்றிலும் தோற்பதற்குரிய வாய்ப்பும் அதுவே. ஆகவே, திறமையில் யாதொரு வேறுபாடும் இல்லாத எட்டுக் குழுக்களிலும், சராசரியாக ஒன்று மூன்று வெற்றிகளோடு தலைநிமிர்ந்து நிற்கும். ஒன்று மூன்று தோல்விகளோடு தலைகுனிந்து நிற்கும். பார்ப்போர் முன்னதற்குப் பயிற்றுநரின் மேதையையும், பின்னதற்கு மாணவரின் சோம்பலையும் காரணமாகக் கற்பிப்பர். உண்மையில் அங்கே விளக்கப்பட வேண்டியது எதுவுமே இல்லை.

உதைபந்தாட்டத்தில் இவ்வாறு தற்செயல் மிகுந்து நிற்பதற்குக் காரணம் கோல்கள் அரிதாகவே விழுவதுதான். 2022ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டியில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள் அடிக்கப்பட்டன. ஆட்டமொன்றுக்கு மூன்றேனும் இல்லை. இங்கிலாந்தின் விமானப்படையில் கணக்குத் துறையில் பணியாற்றிய சார்ள்ஸ் றீப் என்பவர், 1950 முதல் பல ஆண்டுகள் ஆட்டங்களைக் குறிப்பேட்டில் பதிந்து வந்தார். ஏறத்தாழ ஒன்பது முறை கோலை நோக்கிப் பந்தை அடித்தால் ஒரு முறை கோல் விழுகின்றது என்பது அவர் கண்ட கணக்கு. அக்கணக்கிலிருந்து அவர் வகுத்த ஆட்டமுறையைப் பிற்காலத்தார் பலர் மறுத்துள்ளனர். எனினும் கணக்கு ஒன்றை உணர்த்துகின்றது. பத்து முறை கோலை நெருங்கியும் கோல் பெறாத குழுவும் உண்டு. ஒரே ஒரு முறை நெருங்கி வென்ற குழுவும் உண்டு. முடிவை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டாவது குழுவே சிறந்ததாகத் தோன்றும்.

முடிவு மறைத்துவைக்கும் செய்திகள் இன்னும் பல. 1954ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், மேற்கு ஜேர்மனி தன் இரண்டாவது ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 8–3 என்று படுதோல்வி அடைந்தது. அன்று பயிற்றுநர் ஹேர்பேகர் தம் முதன்மையான ஆட்டக்காரர் பலருக்கு ஓய்வு கொடுத்திருந்தார் என்பதை எண்ணிக்கை சொல்லவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து, ஜூலை 4ஆம் நாள், பேர்ண் நகரில் மழையில் நடந்த இறுதியாட்டத்தில், அதே ஹங்கேரியை மேற்கு ஜேர்மனி 3–2 என்று வென்றது. சேற்று நிலத்திற்கேற்ப அடியிலுள்ள ஆணிகளை மாற்றிப் பொருத்தக்கூடிய பாதணிகள் அன்று அவர்களிடம் இருந்தன.

மழையும் பாதணியும் தோட்டப்புறத்து மாணவருக்கு நன்கு விளங்கும் செய்திகள். வழுக்கும் நிலத்தில், வகுப்பறைக்கு அணியும் சப்பாத்தோடு ஆடும் சிறுவன் பந்தைத் தவறவிட்டால், அவனுடைய திறமை குறைவு என்று எழுதுவதா, பாதணி குறைவு என்று எழுதுவதா? மழை நாளில் இறப்பர் மரங்களில் பால் வெட்டு நின்றுபோகும். அதனோடு வீட்டின் வருமானமும் குறையும். அக்குறை இரவுச் சோற்றிலே தெரியும். மறுநாள் ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடங்களிலும் தெரியும். எதிர்க்குழுவின் வலிமை, மைதானத்தின் நிலை, ஆடியவர் யார், ஆடாதவர் யார், உண்டு வந்தார்களா என்பவற்றை அறியாது கோல் எண்ணிக்கையை மட்டும் அறிந்தவன் பாதியையே அறிந்தவன்.

பொறுமையான மதிப்பீடு என்ன செய்யவல்லது என்பதற்கு நம் அண்டை நாட்டில் ஒரு சிறந்த சான்று உண்டு. ஹைதராபாத்தில் பாடசாலை ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், பின்னர் இந்தியக் குழுவின் பயிற்றுநரானார். அவருடைய குழு 1951இல் புதுடில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் யூகோசிலாவியாவிடம் 10–1 என்று தோற்றது. அன்று இந்தியருட் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். அத்தோல்வியோடு கதை முடிந்தது என்று எவரும் கூறியிருக்கலாம். ஆனால், நான்கு ஆண்டுகளுக்குப் பின் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் அவர் குழு நான்காம் இடத்தைப் பெற்றது.

1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி இன்னும் தெளிவானது. இந்தியா தன் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2–0 என்று தோற்றது. ரஹீம் குழுவைக் கலைக்கவில்லை. அதனிடம் எது இருக்கின்றது, எது இல்லை என்பதையே ஆராய்ந்தார். தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று குழு அரையிறுதிக்குச் சென்றது. பின்வரிசை ஆட்டக்காரரான ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையலிடப்பட்டிருந்தார். அவரை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்றது அதே தென் கொரியா. கோல் காத்தவர் பீற்றர் தங்கராஜ். 2–1 என்று இந்தியா வென்றது. முதல் தோல்விக்கும் இவ்வெற்றிக்கும் இடையே பத்து நாட்களும் செல்லவில்லை. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் ரஹீம் புற்றுநோயால் காலமானார்.

இவற்றைக் கொண்டு, தோற்ற குழுவெல்லாம் பின்னர் வெல்லும் என்று முடிவு கட்டுதல் தவறு. தோற்றவற்றுட் பல மீண்டும் தோற்கவே செய்யும். தொடக்க முடிவுகள் நம்பத்தகாதவை என்றால் வேறெவற்றை நம்புவது என்பதே கேள்வி. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாது நிலைத்திருப்பவற்றை நம்பலாம். குழு எத்தனை முறை எதிர்க்கோலை நெருங்கியது, எத்தனை முறை நெருங்கவிட்டது என்று ஒரு மாணவனைக் கொண்டு எழுதிவைத்தல் எளிது. கடைசிப் பதினைந்து நிமிடங்களில் ஓட்டம் தளர்கின்றதா என்று பார்த்தல் உடல் வலுவை அறியும் வழி. முதன்மையான இருவர் வராத நாளில் அவர்களிடத்தை நிரப்ப ஆள் உண்டா என்பது மூன்றாவது. பயிற்சிக்கு வருவோர் வரவேடு நான்காவது. வீடு திரும்ப வேண்டிய பஸ் மாலையில் எத்தனை மணிக்குச் செல்கின்றது என்பதையும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுவோர் குழுவில் எத்தனை பேர் என்பதையும் அறிந்தவர், பருவத்தின் பிற்பகுதியைப் பற்றிக் கோல் எண்ணிக்கையை அறிந்தவரிலும் மிகுதியாகச் சொல்ல முடியும்.

அவசரத் தீர்ப்பினால் விளையும் கேடு, அது பிழையாகப் போவதோடு நிற்பதில்லை. தன்னைத் தானே உண்மையாக்கிக் கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. உளவியலறிஞர் றொபேட் றோசென்தாலும், கலிபோர்னியாவில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் அதிபராக இருந்த லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எவ்வித ஆதாரமும் இன்றிக் கண்மூடித் தெரிந்தெடுத்த சில மாணவரின் பெயரைக் கூறி, இவர்கள் விரைவில் முன்னேறுவர் என்று ஆசிரியருக்கு அறிவித்தனர். ஆண்டிறுதியில், கீழ் வகுப்புகளில் அம்மாணவர் ஏனையோரிலும் மிகுந்த முன்னேற்றம் காட்டினர். அம்முன்னேற்றத்தின் அளவு பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், நம்பிக்கை பெற்ற பிள்ளைக்கு ஆசிரியரின் நேரமும் கவனமும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை வகுப்பறை அறிந்தோர் மறுக்கமாட்டார்.

மைதானத்திலும் இதுவே நிகழ்கின்றது. 1985இல் கனடாவில் வெளியான ஆய்வொன்று, பனிக்கட்டி ஹொக்கி ஆடும் இளைஞர் குழுக்களில் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோர் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டியது. வயதெல்லை ஜனவரியிலிருந்து கணிக்கப்படுவதால், ஜனவரியிற் பிறந்த சிறுவன் அதே ஆண்டு டிசம்பரிற் பிறந்தவனிலும் பதினொரு மாதம் மூத்தவன். உயரமும் வலிமையும் சற்று மிகுந்தவன். அவனே திறமைசாலி என்று தெரியப்படுகின்றான், பயிற்சி பெறுகின்றான், அதனால் உண்மையாகவே திறமைசாலி ஆகின்றான். இளையவன் வேலிக்கு வெளியே நிற்கின்றான்.

லயத்து வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் சிறுவனுக்கு இவ்வேலி மேலும் உயரமானது. நகரத்துப் பிள்ளை ஒரு குழுவில் இடம் பெறாவிடின் வேறொரு கழகத்தை நாடலாம். தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பாடசாலை மைதானம் ஒன்றே உண்டு. இரண்டு தோல்விகளுக்குப் பின் குழுவிலிருந்து நீக்கப்படும் பதினைந்து வயதுச் சிறுவன், சில வேளை வகுப்பிலிருந்தும் மெல்ல விலகிவிடுகின்றான். மாலைப் பயிற்சிக்காகவே காலையில் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளும் உளர் என்பதை அதிபர்கள் நன்கறிவர்.

ஆகவே, பருவத் தொடக்கத்தில் குழுவை மதிப்பிடுவோர் கடைப்பிடிக்கத் தக்க முறை எளியது. முதல் ஆட்டங்களின் முடிவைக் குறித்துவைத்தல் வேண்டும். அதற்கு அருகே எதிர்க்குழு, மழை, மைதானம், வராதவர் பெயர் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். ஐந்தாறு ஆட்டங்கள் செல்லும்வரை எவரையும் குழுவிலிருந்து நீக்காமல், எல்லோரையும் மாறிமாறி ஆடச்செய்து பார்த்தல் நன்று. அதன் பின்னர் தரப்படும் தீர்ப்பும் சில வேளை பிழையாகலாம். எனினும், அத்தீர்ப்பு வரும்வரையில் ஒவ்வொரு சிறுவனும் சில மாலைகளேனும் பந்தோடு ஓடியிருப்பான். அவனைப் பற்றிச் சொல்லப்படுவது அவன் ஆடியதைக் கண்டு சொல்லப்பட்டதாகவே இருக்கும்.