நின்று நின்று ஓடிய படம்

ஃபியூஸ் போன பல்புக்குள் தண்ணீர் நிரப்பி, வாசலில் ஒருவன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட, இருட்டறைக்குள் ஃபிலிம் துண்டைப் பிடித்துச் சுவரில் சினிமா காட்டிய சிறுவர்கள் நம் ஊர்களில் ஏராளம். சிவாஜி தலைகீழாகத் தெரிவார். துண்டைத் திருப்பிப் பிடித்தால் நேராவார். ஆனால் அசையமாட்டார். துண்டை வேகமாக இழுத்தாலோ முகம் கலைந்து வெறும் கோடாகிவிடும்.

கொட்டகைப் புரொஜெக்டரில் மட்டும் அவர் எப்படி நடந்தார்? ஃபிலிமை நிறுத்தி நிறுத்தி இழுக்கும் ஒரு சின்னச் சக்கரத்தால்தான்.

வினாடிக்கு 24 ஃபிரேம்கள். ஒவ்வொன்றும் லென்ஸுக்குப் பின்னால் வந்து, ஒரு கணம் ஆடாமல் நின்று, பிறகு நகர வேண்டும். இதற்காக நான்கு பள்ளங்கள் வெட்டிய சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் ஓயாமல் சுழலும் வட்டில் ஒரு முளை. வட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது முளை ஒரு பள்ளத்தில் நுழைந்து, சிலுவையைக் கால் சுற்றுத் தள்ளிவிட்டு வெளியே வரும். மீதி நேரமெல்லாம் சிலுவை பூட்டியது போல நிற்கும். அதே அச்சில் உள்ள பற்சக்கரத்துக்கு 16 பற்கள்; கால் சுற்றுக்கு 4. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேமின் ஓரத்தில் இருக்கும் துளைகளும் நான்குதான்!

ஃபிலிம் நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைத்துவிடும். நிற்கும்போதும் இடையில் ஒருமுறை மறைக்கும். ஆக வினாடிக்கு 48 முறை ஒளி விழுவதால் கண்ணுக்குச் சிமிட்டல் தெரிவதில்லை.

ஒலிக்கு இந்த நிறுத்தம் ஆகாது, பாட்டு திக்கிவிடும். அதனால் ஒலியைப் படிக்கும் பகுதி சற்றுக் கீழே இருக்கும். நடுவில் ஃபிலிமைத் தளர்வாக வளைத்து விட்டிருப்பார்கள். மேலே குதித்து வரும் ஃபிலிம் அந்த வளைவைத் தாண்டியதும் சீராக ஓடும். ஒலித்தடத்தையும் காட்சிக்கு ஏறத்தாழ 20 ஃபிரேம்கள் முன்னதாகவே அச்சிட்டிருப்பார்கள்.

நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அத்தனையும் ஆபரேட்டரின் கைபட்டுத்தான் ஓடியது. வெளிச்சத்துக்காக எரிந்து குறையும் கார்பன் குச்சிகளை நெருக்கி வைப்பார். சுருள் முடியப்போகிறது என்று திரையின் மூலையில் பொட்டு மின்னியதும் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றுவார். திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய நாளிலிருந்து தொடர்ந்த கைவேலை இது.

டிஜிட்டல் வந்தபின் பல புரொஜெக்டர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. மிஞ்சியதில் ஒன்றையாவது திரையரங்க வாசலில் வையுங்கள். ஒரு குழந்தை அதைக் கையால் மெல்லச் சுற்றி, முளை பள்ளத்தில் விழுவதைப் பார்க்கட்டும். சுவரில் அசையாமல் நின்ற சிவாஜிக்கு என்ன குறை என்பது அதற்குப் புரிந்துவிடும்.