லடாக்: மழை எட்டாத மலைநாடு

சிங்கப்பூரில் ஓராண்டில் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இந்தியாவின் வடகோடியில் உள்ள லே நகரிலோ, ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். நமக்கு ஒரே நாள் அடைமழையில் அவ்வளவு நீர் கிடைத்துவிடும்! லே நகரை முதன்மை நகராகக் கொண்ட லடாக், ‘குளிர்ப் பாலைவனம்’ எனப்படுகிறது.

பாலைவனம் என்றதும் மணல்மேடுகளும் ஒட்டகங்களும் நம் நினைவுக்கு வரும். லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் அவையும் உண்டு. ஆனால், பாலைவனமாக இருப்பதற்கு வெப்பம் தேவையில்லை; நீர் இல்லாமல் இருந்தாலே போதும். குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலையாகும் என்று பழந்தமிழர் கருதினர். லடாக்கின் மொட்டை மலைகளைக் காணும்போது அக்கருத்து எவ்வளவு பொருத்தமானது என்று தோன்றுகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மேகங்கள் இமயமலையின் தென்சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகின்றன. மலையைத் தாண்டிச் செல்லும் காற்றில் ஈரம் மிகக் குறைவு. இத்தகைய இடத்தை ‘மழை மறைவுப் பகுதி’ என்பர். மேலும், லே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் புக்கித் தீமா குன்றைப் போல் இருபது மடங்குக்கும் அதிகமான உயரம் அது. அங்கே காற்று அடர்த்தி குறைந்தது என்பதால், விமானத்தில் வந்து இறங்குவோர் முதல் ஓரிரு நாள்கள் ஓய்வெடுக்க வேண்டும். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும். மணாலியிலிருந்து வரும் நெடுஞ்சாலை பல மாதங்கள் பனியால் மூடிக் கிடக்கும்.

மழை இல்லாத ஊரில் வேளாண்மை எப்படி நடக்கிறது? மலையுச்சிப் பனி உருகி ஓடைகளாக வருகிறது. அந்த நீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுசெல்கின்றனர். யாருக்கு எப்போது நீர் என்பதை முடிவு செய்ய ஊருக்கு ஒருவர் இருப்பார். தமிழகத்தின் ஏரிப் பாசனக் கிராமங்களில் ‘நீர்க்கட்டி’ செய்யும் வேலையும் இதுவே.

சிக்கல் நீரின் அளவில் மட்டுமன்று, நேரத்திலும் உள்ளது. ஏப்ரல், மே மாதங்களில் வாற்கோதுமைப் பயிருக்கு நீர் வேண்டும். உயரத்தில் உள்ள பனியாறுகளோ ஜூன் மாதத்தில்தான் நன்கு உருகத் தொடங்கும். குளிர்காலத்தில் ஓடும் கொஞ்ச நீரும் யாருக்கும் பயன்படாமல் போய்விடும். அந்த நீரைத் தடுத்து, ஊருக்கு அருகிலேயே உறையச் செய்தால் என்ன என்று எண்ணினார் செவாங் நோர்ஃபெல் என்ற பொறியாளர். அவர் அமைத்த ‘செயற்கைப் பனியாறுகள்’ வசந்த காலத்தில் உருகி வயல்களுக்குப் பாய்ந்தன. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சோனம் வாங்சுக் என்ற மற்றொரு பொறியாளர் இம்முயற்சியை வேறு வடிவில் தொடர்ந்தார். மேட்டு ஓடையிலிருந்து குழாய்வழி இறங்கும் நீருக்கு அழுத்தம் அதிகம். குழாயின் முனையை மேல்நோக்கி நிறுத்தினால், மின்சாரம் இல்லாமலேயே நீர் பீறிட்டு எழும். கடுங்குளிரில் அது கீழே விழுவதற்குள் உறைந்து, கூம்பாக வளரும். பனிக்கட்டியைத் தரையில் பரப்புவதைவிடக் கூம்பாகக் குவித்தால் வெயில் படும் பரப்பு குறையும். எனவே, மெதுவாக உருகும். 2013-14 குளிர்காலத்தில் அமைத்த முதல் மாதிரி, மே மாத நடுப்பகுதி வரை உருகாமல் தாக்குப்பிடித்தது.

மழையே வராது என்ற நம்பிக்கையில் லடாக் மக்கள் மண்கற்களால் தட்டைக் கூரை வீடுகளைக் கட்டினர். 2010 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, மேகவெடிப்பால் லே நகரில் பெருமழை கொட்டியது. வெள்ளமும் சேறும் வீடுகளை அடித்துச் சென்றன. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இப்போது வேறொரு நெருக்கடி. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30,000 பேர் வாழ்ந்த லே நகருக்கு இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான சுற்றுப்பயணிகள் வருகின்றனர். லடாக்கின் பழைய வீடுகளில் நீர் தேவைப்படாத உலர் கழிப்பறைகள் இருந்தன. கழிவு மண்ணோடு கலந்து வயலுக்கு உரமாயிற்று. பயணிகளுக்கோ நீர் பாய்ச்சும் கழிப்பறையும் தினமும் குளியலும் வேண்டியிருக்கின்றன. அதற்காகத் தங்கும் விடுதிகள் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரை எடுக்கின்றன. அந்த நிலத்தடி நீரும் மலையில் உருகிய அதே பனிதான்.