எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு

விடியற்காலை ஐந்து மணி. நாமக்கல்லில் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டி நிற்கிறது ஒரு லாரி. வடக்கே போகும் லைன் வண்டி. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பையன் ஸ்டியரிங் பிடிக்கும் ஆசையோடு நிற்கிறான். மூத்த டிரைவர் அவனை வண்டிக்கு அடியில் அனுப்புகிறார். அங்கே சேஸிஸை ஒட்டி உருளை உருளையாகக் காற்று டேங்குகள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன வளையம் ஒன்று தொங்கும். அதைப் பக்கவாட்டில் இழுத்தால் 'புஸ்'ஸென்று காற்று சீறும். சில நாள் காற்றோடு நாலு சொட்டுத் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் வந்து கையில் தெறிக்கும். தண்ணீர் வந்தால் அவரிடம் சொல்ல வேண்டும். வராவிட்டாலும் சொல்ல வேண்டும். அன்றைய முதல் வேலை அதுதான்.

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் டேங்கில் தங்கினால் காற்றுக்கான இடம் குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும். இப்போதைய வண்டிகளில் காற்றை உலர்த்தும் டிரையர் உண்டு. டிரையர் இருந்தும் தினமும் தண்ணீர் வருகிறது என்றால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பிரேக்கின் உடல்நிலையை அந்த நாலு சொட்டில் படித்துவிடலாம்.

இந்த மாதிரி விஷயங்களை எந்தப் புத்தகமும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. கிளீனராக ஏறி, டயர் தட்டி, கண்ணாடி துடைத்து, ரிவர்ஸ் பார்த்துச் சொல்லி, இரண்டு மூன்று வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங் கைக்கு வரும். இன்று பெரும்பாலான வண்டிகளில் கிளீனர் இல்லை. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர் ஒற்றை டிரைவரை அனுப்புகிறார். உரிமம் வாங்கிய கையோடு வண்டி ஏறும் இளைஞனுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. வாய்வழியாக வந்த படிப்பு அங்கே அறுந்து போகிறது. அதில் முக்கியமான சிலவற்றையாவது எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

சட்டப்படியான தகுதி சுருக்கமானது. 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் உரிமத் தேர்வு பெரும்பாலும் லோடு இல்லாத வண்டியில் நடக்கிறது. லோடு ஏறியதும் அதே வண்டி வேறு பிராணியாகிவிடும்.

இரண்டு அச்சு, ஆறு சக்கரம் கொண்ட சாதாரண லாரி சரக்கோடு சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம். 2018ஆம் ஆண்டு வரை இந்த வரம்பு 16.2 டன். பெரிய டிரெய்லர்களுக்கு உச்ச வரம்பு 49இலிருந்து 55 டன்னாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான். இந்த எடையை நகர்த்துவது எளிது. எஞ்சின் அதற்காகவே செய்யப்பட்டது. நிறுத்துவதுதான் வித்தை.

காரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் வழியாகக் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. 18 டன்னை மனிதக் காலால் பிடிக்க முடியாது. லாரியில் மிதிக்கும் பெடல் வெறும் வால்வு. எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் டேங்குகளில் காற்றைச் சுமார் 8 பார் அழுத்தத்தில் நிரப்பி வைக்கிறது. ஒரு கார் டயரில் இருப்பதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். பெடலை மிதித்ததும் அந்தக் காற்று சக்கரங்களை நோக்கிப் பாய்ந்து, டிரம்முக்குள் இருக்கும் லைனிங்கை விரித்து உரச வைக்கிறது.

இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869இல் ரயிலுக்குக் காற்றுப் பிரேக் செய்தார். அதில் ஒரு குறை இருந்தது: குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். 1872இல் அவர் அதைத் தலைகீழாக்கினார். காற்று இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். காற்று போனால் தானே பிடித்துக்கொள்ளும். இன்றைய லாரியின் ஹேண்ட் பிரேக்கிலும் இதே தத்துவம்தான். பின் சக்கரங்களின் பிரேக் அறைக்குள் ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கிறது. அதை அமுக்கி வைத்திருப்பது காற்று. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எழுப்பியதும் நகர்த்த முடியாமல் இருப்பது இதனால்தான். மீட்டரில் முள் ஏறும்வரை ஸ்பிரிங் விடாது. அந்தச் சில நிமிடம் பொறுமை இல்லாதவன் லாரிக்கு ஆகமாட்டான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இனி தொப்பூருக்குப் போவோம். கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44இல், தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கிறது தொப்பூர் கணவாய். வடக்கேயிருந்து லோடோடு வரும் வண்டிக்கு அது நீண்ட இறக்கம். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்காத தமிழர் இருக்க மாட்டார். 'பிரேக் பிடிக்கவில்லை' என்ற வாக்கியம் அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும். பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18.5 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 50 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகம் கூடாமல் இறங்க வேண்டும் என்றால் அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாகப் போயே தீரவேண்டும். டிரைவர் பெடலிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் அத்தனை வெப்பமும் டிரம்முக்குள் இறங்குகிறது. டிரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் சூட்டில் வழுக்கத் தொடங்கும். கருகல் நாற்றம் வரும். அடிக்கடி மிதித்து மிதித்து விடுவதால் டேங்கில் காற்றும் தீரும். நல்ல நிலையில் புறப்பட்ட பிரேக் இப்படித்தான் பாதி இறக்கத்தில் இல்லாமல் போகிறது.

வெப்பத்தைப் போக்க வேறு வழி எஞ்சின். கியரில் இருக்கும் வண்டி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. அந்தச் சுமையே வண்டியைப் பிடித்து இழுக்கும். அதோடு எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைப் போட்டால் புகைக்குழாய்க்குள் ஒரு தகடு மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்து பிஸ்டன்கள் திணறும். வெப்பம் டிரம்முக்குப் போகாமல் எஞ்சின் வழியாக வெளியேறும். இடையில் வேகம் ஏறினால் மட்டும் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாக மிதித்து, பத்து கிலோமீட்டர் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும்.

கணவாய் உச்சியில் மூத்தவர் பையனிடம் சொல்வது இது: "கண்ணு, எறங்கறதுக்கு முன்னாடியே கியரக் கொறச்சுப் போட்ரோணும். பாதி எறக்கத்துல போட்டா விழுகாது." 

"ஏனுங்ணா விழுகாது?" 

"வண்டி ஓட்டம் புடிச்சுருச்சுன்னா பல்லோட பல்லு சேராது. பழைய கியரும் போயிரும், புதுசும் வராது. நடுவுல நூட்ரல்ல நிப்ப."

எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்ற பழைய விதி இதிலிருந்து பிறந்ததுதான். 

ஆனால் வேண்டுமென்றே நியூட்ரலில் இறங்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை. புதிய டிரைவர்கள் இதை ஒரு சாமர்த்தியம் என்று கற்றுக்கொள்கிறார்கள். இன்றைய மின்னணு எஞ்சின்களைப் பொறுத்தவரை இது முழுப் பிழை. கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது எஞ்சினைச் சக்கரமே சுற்றிவிடுவதால் கணினி டீசலை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சமாவது டீசல் குடித்தாக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறோம், கூடவே எஞ்சின் தரும் பிடிமானத்தையும் இழக்கிறோம். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. அப்போது கம்ப்ரசர் நிற்கும், பவர் ஸ்டியரிங் இறுகும். ஒரு படி டீசலுக்காக உயிரை அடகு வைக்கும் இந்தப் பழக்கத்தை ஒவ்வொரு உரிமையாளரும் தன் டிரைவரிடம் வாய்விட்டுத் தடுக்க வேண்டும்.

சமதளத்திலும் எடை தன் கணக்கை விடுவதில்லை. 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. முன்னால் ஆபத்தைப் பார்த்துக் கால் பெடலுக்குப் போவதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். வேகத்தை 80 ஆக்கினால் கூடியது மூன்றில் ஒரு பங்கு. பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிறது.

லோடு என்ன என்பதையும் பொறுத்து வண்டி மாறும். நாமக்கல் லாரிகளுக்குப் பாடி கட்டும் ஊர் மட்டுமில்லை, சமையல் கேஸ் டேங்கர்களுக்கும் தலைநகரம். திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் கேஸ் டேங்கரை முழுதாக நிரப்பக் கூடாது. மீதி இடத்தில் திரவம் அலையடிக்கும். பிரேக் போட்டதும் அலை முன்னால் வந்து மோதித் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் சாயும். உள்ளே தடுப்புத் தகடுகள் அலையை உடைத்தாலும் முழுதாக நிறுத்துவதில்லை. ஆகவே டேங்கர் ஓட்டுபவரின் கால் எல்லாரையும்விட மென்மையாக இருக்க வேண்டும். பருத்தி, வைக்கோல் போல உயரமாக ஏற்றிய லோடுக்கு வளைவுதான் எதிரி.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லையில் வரிசையில் காத்துக் கிடந்த காலம் பெரும்பாலும் முடிந்தது. 2018இலிருந்து சரக்கோடு போக வேண்டிய மின்வழிச் சீட்டு (இ-வே பில்) இருக்கிறது. 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லுபடியாகும். நாமக்கல்லிலிருந்து டெல்லிக்குச் சுமார் 2,400 கி.மீ., ஆக 12 நாள் கெடு. சட்டம் இவ்வளவு அவகாசம் தரும்போது, நாலே நாளில் சரக்கு வேண்டும் என்று நெருக்குவது யார்?

அந்தக் கேள்வி தூக்கத்தில் போய் முட்டுகிறது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தானாகவே உறக்கத்துக்குச் சாயும். டீயும் பாக்கும் கண்ணைத் திறந்து வைக்கலாம், மூளையை விழிக்க வைக்காது. மூன்று நொடி கண் செருகினால் 60 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர் பார்வையில்லாமல் போகிறது வண்டி. ஓரம் கட்டி இருபது நிமிடம் படுத்து எழுவதே உண்மையான மருந்து. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து ஓட்டுமுன் அரைமணி ஓய்வு என்றும் சொன்னது. நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசும் தொழிலில் அது ஏட்டோடு நின்றது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் புதிய லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் ஆகியிருப்பது உருப்படியான மாற்றம். எஞ்சின் சூட்டின் மேலேயே உட்கார்ந்து நாக்பூர் வெயிலில் ஓட்டுபவருக்கு அது ஆடம்பரம் இல்லை.

காரும் பைக்கும் ஓட்டும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டிக்கு வெகுதூரம் இடம் விட்டு வரும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளி அவருடைய பிரேக்கின் ஒரு பகுதி. தயவுசெய்து அதற்குள் புகாதீர்கள். தொப்பூரில் ஒரு லாரி உறுமிக்கொண்டு ஆமை வேகத்தில் இறங்கினால் பின்னாலிருந்து ஹாரன் அடிக்காதீர்கள். அந்த டிரைவர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்.