தலைப்பிரட்டையின் கூலியில்லா ஊழியம்

புதுவயலில் ஐப்பசி மழை இறங்கியதும் இரவெல்லாம் தவளைகளின் கச்சேரிதான். சில நாட்களில் ஊருணி ஓரங்களிலும் கண்மாய்ப் பாசன வயல்களிலும் கருமணி போன்ற தலைப்பிரட்டைகள் திரள்கின்றன. சிறுவர்கள் அவற்றைக் கொட்டாங்கச்சியில் அள்ளி விளையாடுவர். பெரியவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆயினும் அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற இவ்வூரின் நீர்வளத்தில் அச்சிறு பிராணிகளுக்கும் பங்குண்டு என்பதை அங்கத்தினர்கள் அறிதல் நன்று.

தலைப்பிரட்டைகளிற் பல, தண்டிலும் கல்லிலும் படியும் பாசியையும் அடியில் தங்கும் மட்கையும் சுரண்டித் தின்பவை. உடலில் தங்கியது போக எஞ்சியதை நீரிலேயே கழிக்கின்றன. அக்கழிவிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நீர்த்தாவரங்கள் எளிதில் ஏற்கின்றன. மேலும், அவை சேற்றைக் கிளறி மேய்வதால், பாசியை மூடிய வண்டல் அகன்று புதுப்பாசி தளிர்க்கிறது. அதனை உண்டு நீர்ப்பூச்சிகளும், பூச்சிகளை உண்டு மீன்களும் வளர்கின்றன. தலைப்பிரட்டை புதிய உரம் எதனையும் படைப்பதில்லை. முடங்கிய சத்தைச் சுழலவிடுகிறது. பெட்டியில் பூட்டிய பணத்திற்கும் சங்கத்தில் புழங்கும் முதலுக்கும் உள்ள வேற்றுமையே இது. பின்னர் வால் ஒடுங்கிக் கரையேறும் தவளை, அச்சத்தில் ஒரு பகுதியை நிலத்துக்குக் கொண்டு சேர்க்கிறது, பயிர்ப்பூச்சிகளையும் பிடித்துண்கிறது.

இவ்வூழியம் நின்றால் என்ன நேரும்? மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டின் எல் கோப்பே மலைப்பகுதியில், 2004-ஆம் ஆண்டு பூஞ்சண நோயால் தவளைகள் பெருவாரியாக மடிந்தன. அங்குள்ள ஓடைகளை விஞ்ஞானிகள் முன்னும் பின்னும் அளந்து பார்த்தனர். தலைப்பிரட்டை அற்ற ஓடையில் பாசி தடித்தது, வண்டல் படிந்தது, நீரிலுள்ள தழைச்சத்தை ஓடையின் உயிர்கள் ஏற்கும் வேகமும் குறைந்தது.

நம் நாட்டிலும் தவளைக்கால் ஏற்றுமதிக்காகப் பெருந்தவளைகள் ஏராளமாகப் பிடிக்கப்பட்டன. 1987-இல் மத்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. சட்டப்படியான ஏற்றுமதி நின்றது; ஆனால் பூச்சிமருந்தின் தீங்கு நிற்கவில்லை.

ஆகவே விவசாய அங்கத்தினர்கள் தெளிப்பானை ஊருணியிலும் வாய்க்காலிலும் கழுவலாகாது. மருந்து தெளித்த வயல்நீரை உடனே வடிக்கலாகாது. நெசவாளர்கள் சாயநீரை ஊருணியில் சேரவிடலாகாது. வயலோரத்தில் ஒரு சிறு பள்ளத்தை நீர் வற்றாமல் விட்டுவைத்தால், தலைப்பிரட்டைகள் தவளையாகும் வரை பிழைத்திருக்கும். செலவில்லாத இக்காரியங்களை அங்கத்தினர்கள் இம்மழைக்காலத்திலேயே தொடங்குவார்களாக.