காகம் கட்டிய கூட்டில் வல்லூறு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கும் டூப்ளே, 1742-இல் இங்கே ஆளுநராவதற்கு முன் வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சந்திரநகரை நிர்வகித்தவர். அந்தச் சந்திரநகரிலிருந்து கிடைத்த ஒரு பறவையைத்தான் பிரெஞ்சுப் பறவையியலாளர் லெவையான் முதலில் விவரித்தார். 1800-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் தோதேன் அதற்கு ஃபால்கோ சிக்கேரா என்று அறிவியல் பெயரிட்டார். தமிழில் செந்தலை வல்லூறு.

புறாவின் அளவுதான் இருக்கும். உச்சந்தலையும் பிடரியும் செங்கல் நிறம், முதுகு சாம்பல், வெண்மையான வயிற்றில் மெல்லிய கறுப்பு வரிகள், கால்கள் மஞ்சள். மேல் அலகின் ஓரத்தில் பல்லைப் போன்ற ஒரு சிறு முனை உண்டு. பருந்தும் கழுகும் நகத்தால் இறுக்கியே இரையைக் கொல்லும். வல்லூறோ இந்த முனையால் இரையின் கழுத்தெலும்பைத் துண்டித்துவிடும்.

பார்வைக்குப் பருந்தின் தம்பி போலிருந்தாலும் உறவுமுறை வேறு. 169 பறவையினங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வு, வல்லூறுகளைப் பருந்துகளிடமிருந்து பிரித்து, கிளிகளுக்கும் சிட்டுக்குருவிகளுக்கும் பக்கத்தில் வைத்தது. வளைந்த அலகும் கூரிய நகமும் இரு குலங்களிலும் தனித்தனியே உருவானவை. வேட்டை வாழ்க்கை அவற்றை ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆக, சிட்டுக்குருவியைத் துரத்தும் இந்த வேடன், பருந்தைவிடச் சிட்டுக்குருவிக்கே நெருங்கிய சொந்தம்!

வேட்டையில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் கூட்டாளிகள். ஒன்று தாழப் பறந்து புதரை ஒட்டிச் செல்லும். பதறி எழும் சிறு குருவியை, மேலே காத்திருக்கும் மற்றொன்று பாய்ந்து அடிக்கும். அந்தி சாய்ந்தால் வௌவால்களும் தப்புவதில்லை.

இவ்வளவு திறமை இருந்தும் இதற்குக் கூடு கட்டத் தெரியாது. வல்லூறுக் குலம் முழுவதற்குமே அந்தக் கலை வாய்க்கவில்லை. பெரிய இனங்கள் சில பாறை விளிம்பில் முட்டையிடும். செந்தலை வல்லூறு காகம் விட்டுப்போன கூட்டைத் தேடும். உயர்ந்த மரத்தின் உச்சியிலோ பனை மட்டைகளுக்கு நடுவிலோ இடம் பிடித்து, பெரும்பாலும் ஜனவரி முதல் மே வரை, மூன்று நான்கு முட்டைகளை அடைகாக்கும். அந்த நாட்களில் தன்னைவிடப் பெரிய காகத்தையும் பருந்தையும் கீச்சிட்டபடி விரட்டியடிக்கும்.

ஆகவே பனையும் காகமும் திறந்த வயல்வெளியும் சேர்ந்திருக்கும் இடமே இதற்கு ஊர். புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரியைச் சுற்றி, விழுப்புரம் வரை அத்தகைய நிலம் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்தப் பறவை இன்று உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது நல்ல தொடக்கம். கூடு கட்டத் தெரியாத பறவைக்கு நாம் கூடு கட்டித்தர வேண்டியதில்லை. காகம் கட்டுவதற்கு மரத்தை விட்டுவைத்தால் போதும்.