ஆணையும் காத்திருப்பும் – இணைய அங்காடியில் வாங்குவோர் மனநிறைவு

அஞ்சல்வழி வாணிகம் நமக்குப் புதியதன்று. பொருள் கைக்கு வந்தபின் அஞ்சற்காரரிடமே விலையைச் செலுத்தும் வி.பி.பி. முறை இந்திய அஞ்சல் துறையில் 1877ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. சென்னையிலுள்ள கடைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, நூல்களையும் மருந்துகளையும் கைக்கடிகாரங்களையும் வரவழைத்த அனுபவம் இம்மலரைப் படிக்கும் பெரியோர் பலருக்கு இருக்கும். அட்டையைப் பெட்டியில் இட்டபின் பொருள் எந்நாளில் வரும் என்று அன்று எவரும் சொன்னதில்லை, எவரும் கேட்டதுமில்லை. வந்த அன்று வீடே மகிழ்ந்தது. அவ்வளவே.

இன்றோ, கைப்பேசியில் விரல் தொட்டு 'ஆர்டர்' செய்த பொருள் நான்காம் நாள் வந்து சேர்ந்தாலும் இளைஞர் முகம் சுளிக்கின்றனர். மூன்று வாரம் காத்திருந்த தந்தை மகிழ்ந்தார். நான்கு நாள் காத்திருந்த மகன் சலித்துக்கொள்கிறான். இன்றைய தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்று கூறி இதனைக் கடந்துவிடுவது எளிது. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். திருத்தணியில் கண்ட ஒரு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் நம் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்றுத் திருத்தணிக்குச் சென்றிருந்தோம். அவர் இல்லத்தில் இரண்டு பொருள்களுக்காகக் காத்திருந்தனர். ஒன்று, மாவரைக்கும் இயந்திரத்திற்கான உதிரிப் பாகம். பத்து நாளாகும் என்று கடைக்காரர் முன்னரே தெரிவித்திருந்தார். மற்றொன்று, போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அவர் மகளுக்கான வினா-விடை நூல். வியாழக்கிழமை வந்துவிடும் என்று இணைய அங்காடி சொல்லியிருந்தது, தேர்வு ஞாயிற்றுக்கிழமை. 'தங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது' என்ற ஒற்றை வரி மூன்று நாளாக மாறாமலே நின்றது. அந்தப் பெண் கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வெள்ளி மாலை 'அனுப்பப்பட்டது' என்ற செய்தி வந்தது. நூல் திங்களன்று வந்தது. உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டாள். உதிரிப் பாகமோ சரியாகப் பத்தாம் நாள் வந்து சேர்ந்தது. 'சொன்னபடி அனுப்பிவிட்டார், ஐயா' என்று அவள் தந்தை மனநிறைவோடு நமக்குத் தொலைபேசியில் தெரிவித்தார்.

ஒரே வீடு. விரைந்து வந்த பொருள் வெறுப்பைத் தந்தது. காலங்கடந்து வந்த பொருள் நிறைவைத் தந்தது. ஆகவே, நாள்களின் எண்ணிக்கை மட்டும் மனநிறைவை அளப்பதில்லை என்பது தெளிவு. எனில் எதுதான் அளக்கின்றது? இதனை அறிய, ஓர் ஆணை எவ்வாறு நிறைவேறுகின்றது என்பதை முதலில் காணல் வேண்டும்.

வாங்குபவர் 'வாங்குக' என்னும் பொத்தானைத் தொட்ட நொடியில் பணம் செலுத்தப்பட்டதா என்று கணிப்பொறி சரிபார்க்கின்றது. அப்பொருள் எந்தக் கிடங்கில் உள்ளது, எந்தக் கிடங்கு வாங்குபவரின் ஊருக்கு அண்மையில் உள்ளது என்று ஆராய்ந்து ஆணையை அங்கே அனுப்புகின்றது. கிடங்கில் ஒரு தொழிலாளி அடுக்குகளினூடே நடந்து பொருளை எடுக்கின்றார். மற்றொருவர் பெட்டியில் இட்டு ஒட்டுகின்றார். விலைப்பட்டியலும் முகவரிச் சீட்டும் அச்சாகின்றன. பின்னர்ப் பொதி லாரிக்காரரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. இதுவரை நடப்பதே ஆணையைக் கையாளுதல். இதன் பிறகே பயணம் தொடங்குகின்றது: பிரித்தனுப்பும் நிலையம், வட்டாரக் கிளை, இறுதியில் இருசக்கர வண்டியில் வரும் இளைஞர்.

பயணத்திற்கு மழை உண்டு, சாலை மறியல் உண்டு, லாரிப் பழுது உண்டு. விற்பவர் அவற்றுக்கு முழுப் பொறுப்பாளர் அல்லர். கையாளுதலோ முற்றிலும் விற்பவர் கையில் உள்ளது. அங்கே நேரும் காலத்தாழ்வுக்கு வானத்தையோ சாலையையோ காரணங்காட்ட இயலாது. வாங்குபவரும் இதனை உள்ளூர உணர்கின்றார். மேற்கண்ட மாணவியின் சினம் லாரியின் மேல் எழவில்லை. அசையாமல் நின்ற அந்த ஒற்றை வரியின் மேல்தான் எழுந்தது.

கையாளுதலில் காலம் எங்கே கரைகின்றது? பெரும்பாலும் இருப்புக் கணக்கில். கணிப்பொறியில் 'உண்டு' என்றிருக்கும் பொருள் அடுக்கில் இராது. இந்திய இணைய வாணிகத்தின் தொடக்கக் கதையே இதற்குச் சான்றாகும். பெங்களூரில் 2007இல் நூல் விற்பனையாகத் தொடங்கப்பட்ட ஃபிளிப்கார்ட்டுக்கு வந்த முதல் ஆணை, அன்றைய ஆந்திர மாநிலத்து மகபூப்நகரிலிருந்து வந்தது. கேட்கப்பட்ட நூல் நிறுவனத்தாரிடம் இல்லை. நிறுவனர்கள் பெங்களூர்ப் புத்தகக் கடைகளில் தேடியலைந்து ஒரு படியைப் பெற்று அனுப்பினர். ஓர் ஆணைக்கு இவ்வாறு அலையலாம். ஓராயிரம் ஆணைக்கு இயலுமா? கிடங்குகளும் பட்டைக் குறியீடுகளும் அதனாலேயே தேவைப்பட்டன. அந்நிறுவனம் 2010இல் 'பொருள் வந்தபின் பணம்' என்ற முறையைப் புகுத்தியபோது அதனைப் பெரும் புதுமை என்று பலர் வியந்தனர். வி.பி.பி.யை அறிந்த பெரியோர்க்கு அது பழைய உறவினர் புதுச்சட்டையில் வந்ததுபோல் தோன்றியிருக்கும்!

காத்திருப்போர் மனத்தை ஆராய்ந்தவர்களுள் டேவிட் மெய்ஸ்டர் குறிப்பிடத்தக்கவர். வரிசையில் நிற்பதன் உளவியலைப் பற்றி 1985இல் அவர் எழுதிய கட்டுரை இணைய அங்காடிகள் தோன்றுமுன் எழுந்தது. எனினும் இன்றைக்கும் பொருந்துவது. முடிவு தெரியாத காத்திருப்பு முடிவு தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு காரணம் சொல்லப்பட்டதைவிட நீண்டதாகத் தோன்றும் என்பன அவர் கருத்துகள். திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. எத்தனை படி என்று அறிந்தவர் இடையில் அமர்ந்து இளைப்பாறி ஏறுகின்றார். எண்ணிக்கை அறியாதவர்க்கு நூறாம் படியிலேயே மூச்சு வாங்குகின்றது. படி ஒன்றே, அறிவுதான் வேறு.

நம் நாட்டவர் ஒருவரின் ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய ஏ. பரசுராமன், ஜெய்தாமல், பெர்ரி ஆகியோரோடு சேர்ந்து சேவையின் தரத்தை அளக்கும் கருவியொன்றை 1988இல் வெளியிட்டார். அதன் வழித்தோன்றலாக, இணைய அங்காடிகளின் தரத்தை அளக்கும் கருவியை ஜெய்தாமல், மல்கோத்ரா ஆகியோருடன் 2005இல் அமைத்தார். அமேசான், வால்மார்ட் ஆகிய இரு தளங்களில் வாங்குவோரிடம் அக்கருவி சோதிக்கப்பட்டது. தளம் எளிதாகவும் விரைவாகவும் இயங்குதல், ஆணையை நிறைவேற்றுதல், தளம் தடையின்றிக் கிடைத்தல், வாங்குவோரின் அந்தரங்கத் தகவலைக் காத்தல் என்னும் நான்கனுள் முதலிரண்டுமே தலையாயவை என அவர்கள் கண்டனர். இவற்றுள் 'நிறைவேற்றுதல்' என்பதற்கு அவர்கள் கொண்ட பொருளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பொருள் இருப்பைப் பற்றியும் அது வந்துசேர்வதைப் பற்றியும் தந்த வாக்கு எந்த அளவு காக்கப்பட்டது என்பதே அப்பொருள். வாக்குத்தான் அங்கே அளவுகோல்.

அவ்வாறாயின் விரைவுக்கு மதிப்பே இல்லையா என்று மாணவர் கேட்கலாம். உண்டு. மருந்துக்கும் தேர்வு நூலுக்கும் விரைவே உயிர். மேலும், கிடங்கில் ஒரு நாள் மிச்சமானால் அந்நாள் வழியில் நேரும் இடர்களுக்கு ஈடாகின்றது. சொன்ன நாளைக் காப்பது எளிதாகின்றது. ஆயின், மூன்று நாளாகும் என்று அறிந்தும், விற்பனையைக் கவர்வதற்காக நாளையே தருவோம் என்று பறைசாற்றுவதுதான் தீங்கு. அதற்கு விரைவு என்று பெயரிடுவதை நம்மால் ஏற்க இயலவில்லை.

திருத்தணி போன்ற எல்லையூருக்கு இச்செய்தியில் தனிக்கூறு ஒன்று உண்டு. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்திருந்த திருத்தணி, ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தின் பகுதியாயிற்று. தாய்மொழிக்குக் கிடைத்த அவ்வெற்றியை நாம் போற்றுகின்றோம். எனினும் வாணிகத்திற்கு எல்லை எல்லைதான். 1972 ஆகஸ்டு 15இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபோது திருத்தணிக்கு 6இல் தொடங்கும் எண்ணும், அருகேயுள்ள நகரி, புத்தூர்ப் பகுதிகளுக்கு 5இல் தொடங்கும் எண்ணும் அமைந்தன. கூப்பிடு தொலைவு என்று நாம் எண்ணும் ஊர், பொதியைப் பிரிப்பவர்க்கு வேறொரு மண்டலம். சரக்கு சேவை வரி வருமுன், மாநிலங்களுக்கிடையே செல்லும் லாரிகள் வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. 2017 சூலை 1இல் அவ்வரி நடைமுறைக்கு வந்தபின் அச்சாவடிகள் அகற்றப்பட்டன; மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு மின்வழிச் சீட்டு 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாயிற்று. லாரியின் காத்திருப்பு குறைந்தது. இவ்வாறு மிஞ்சிய காலம் வாங்குபவருக்குக் கிட்டிற்றா, கிடங்கிலேயே கரைந்ததா என்பது ஒவ்வொரு விற்பனையாளரையும் தனித்தனியே கேட்க வேண்டிய கேள்வி.

முகவரியும் ஓர் இடையூறே. 'மலையடிவாரம், தேர் நிற்குமிடம் அருகில்' என்பது ஊரார்க்குப் போதுமானது, கணிப்பொறிக்குப் போதாது. இக்குறையைத் தீர்க்க எண்ணியே அஞ்சல் துறை 2025 மே மாதத்தில் 'டிஜிபின்' என்னும் பத்தெழுத்துக் குறியீட்டை அறிமுகப்படுத்திற்று. அஃது ஒவ்வொரு சிறு நிலப்பகுதிக்கும் தனிக்குறி தருவது.

கணிப்பொறி அறியாத மற்றொன்று ஊரின் நாட்காட்டி. ஆடிக் கிருத்திகையன்று காவடி ஏந்தியோர் கூட்டம் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து திருத்தணியின் தெருக்களை நிறைக்கின்றது. டிசம்பர் 31ஆம் நாள் இரவு நடைபெறும் படித்திருவிழாவும் அத்தகையதே. அந்நாள்களில் இருசக்கர வண்டி அடிவாரத்தை நெருங்குவதே அரிது. உள்ளூர்க் கடைக்காரர் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் 'கிருத்திகை முடியட்டும், கொண்டுவருகிறேன்' என்பார், கேட்பவரும் தலையசைப்பார். எங்கோ தொலைவிலிருக்கும் நிரல் மட்டும், எல்லா நாளும் ஒன்றே என்று கருதி, 'நாளை வரும்' என்று எழுதுகின்றது. அம்மாணவிக்குச் சொல்லப்பட்ட வியாழக்கிழமையும் கிருத்திகை வாரத்து வியாழனே. அவ்வாரத்திற்கென இரண்டு நாள் கூட்டிச் சொல்லியிருந்தால் அவள் சென்னையிலிருக்கும் உறவினரிடம் சொல்லி நூலை வாங்கியிருப்பாள்.

விரைவின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. பெருநகரங்களில் சில நிமிடங்களில் மளிகை தருவதாகச் சொன்ன வாக்கின் சுமை, சிவப்பு விளக்கைக் கடக்க முனையும் இளைஞரின் தோளில் ஏறியது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய தொழிலாளரை முதன்முறையாகப் பெயரிட்டு வரையறுத்தது. தமிழக அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைப்பதாக 2023 விடுதலை நாளில் அறிவித்தது. அவ்விளைஞருள் நம் கல்லூரியில் பயின்றோரும் உண்டு. கிடங்கில் வீணாகும் மணிநேரத்தைச் சாலையில் மிச்சம்பிடிக்கச் சொல்லும் முறையை, வாங்குவோர் மனநிறைவின் பெயரால் நியாயப்படுத்த இயலாது.

வாங்குவோர்க்குச் சட்டத்தின் துணையும் உண்டு என்பதை மாணவர் அறிதல் நன்று. 2020 சூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு திங்களுக்குள் தீர்வு காண வேண்டும். பொருளைத் திருப்புதல், பணம் மீளப்பெறுதல், பொருளை அனுப்பிச் சேர்த்தல் ஆகியவை பற்றிய விவரங்களைத் தளத்தில் வெளியிடுவதும் கடமையாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தேர்வு கழிந்தபின் வந்த நூலுக்கு ஒப்புகை எதற்கு உதவும் என்று அம்மாணவி நம்மைக் கேட்டாள். நம்மிடம் விடையில்லை.

திருத்தணி வட்டாரத்தில் தறியோசை கேட்கும் ஊர்கள் பல. அன்று மாலை அத்தகைய ஊரொன்றில், நெய்த சேலைகளை இணையவழி விற்கத் தொடங்கியிருந்த குடும்பமொன்றைக் கண்டோம். பெரிய தளங்கள் கேட்பதுபோல் ஓரிரு நாளில் அனுப்ப அவர்களால் இயலாது. தறியில் பாவு ஏற்றிய பின்னரே சேலை பிறக்கும். அவ்வீட்டு மருமகள் ஓர் உபாயம் கண்டிருந்தார். ஆணை வந்த அன்றே 'இருபத்தைந்து நாளாகும்' என்று எழுதிவிடுவார். பாவு ஏற்றிய அன்று ஒரு படம், பாதி நெய்த அன்று ஒரு படம், அறுத்து மடித்த அன்று ஒரு படம் என வாங்குபவருக்கு அனுப்புவார். 'யாராவது ஆர்டரை ரத்து செய்ததுண்டா, அம்மா?' என்று கேட்டோம். 'இருபத்தைந்து நாள் என்று படித்ததும் வேண்டாம் என்றவர்கள் உண்டு, ஐயா. முதல் படம் போனபிறகு ஒருவரும் இல்லை' என்று சொல்லிவிட்டு, அறுந்த இழையைப் பிணைக்கத் தறிக்குத் திரும்பினார்.