கைப்பழக்கமும் கடைப் பையன்களும்

“பையன் மந்தம், நோட்டில் எழுதிக் கொடுத்தாலும் மறுநாள் மறந்துவிடுகிறான்” என்று சொல்லி, சேர்ந்த ஒரே மாதத்தில் ஆளை அனுப்பிவிடும் முதலாளிகள் நம்மில் உண்டு. ஆள் கிடைக்காத இக்காலத்தில் கடைக்கு நஷ்டம். ஊரிலிருந்து நம்பி வந்த பையனுக்கோ பிழைப்பே போகிறது. உட்கார வைத்தால் கண் சொருகுபவன், சரக்கைத் தொட்டதும் விழித்துக்கொள்வான். அவனைப் பழக்க நம் மண்டியை விடப் பொருத்தமான இடம் எது?

மஞ்சளையே பாருங்கள். நன்றாகக் காய்ந்த விரலியை ஒடித்தால் உலோகத்தைத் தட்டியது போல ஓசை வரும். ஈரம் இருந்தால் அந்த ஓசை வராது. இதை நோட்டில் எழுதி என்ன பயன்? இரண்டு தினுசையும் கொடுத்து, பத்துப் பத்து விரலி ஒடிக்கச் சொல்லுங்கள். வற்றல் மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். துவரம் பருப்பு பல்லில் ‘கடுக்’கென்று உடைய வேண்டும். மல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகர வேண்டும். ஒரு வாரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு தரம் சொல்லச் சொல்லுங்கள். மூட்டையின் வாயில் மட்டும் பார்க்காமல் அடியிலும் குத்தி மாதிரி எடுக்கப் பழக்குங்கள். மேலே நல்ல சரக்கும் கீழே மட்டமும் வருவது நமக்குப் புதிதல்லவே!

கணக்கும் இப்படித்தான். 50 கிலோ மூட்டைகளை வரிசைக்கு 7, உயரம் 6 என்று அவனே நின்று அடுக்க வைத்தால் 42 மூட்டை, 21 குவிண்டால் என்பது மனதில் நிற்கும். பற்று வரவுப் பேரேடு மட்டும் உட்கார்ந்துதான் பழக வேண்டும். அதையும் கால் மணி நேரமாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

கைத்தொழில் வழியே கல்வி என்பதைக் காந்தியடிகள் 1937 வார்தா மாநாட்டிலேயே முன்வைத்தார். பார்த்துக் கற்பவன், கேட்டுக் கற்பவன், செய்து கற்பவன் என்று ஆட்களைப் பிரித்துப் பாடம் நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என 2008இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதினர். எனக்கு அது சரியென்றே படுகிறது. சரக்கின் தரத்தைப் பட்டதாரியும் கையால்தான் கற்றாக வேண்டும்.

பழகும்போது வீணாகும் சரக்கைப் பையன் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். இருபது விரலி மஞ்சள் என்ன விலை? கடைச் செலவில் எழுதிவிடலாம்.